நூலகத்தில் உடல்நலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொது நூலகம் ஊர் மக்களின் உடல்நல அறிவுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். நூலகப் பணியும் பொது சுகாதாரமும் அறிந்தவர்கள் சேர்ந்து எழுதியவை இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோய்க்கு மருந்து சொல்வது நூலகத்தின் வேலை அல்ல. டாக்டர் சொன்னதையும் மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் சரியாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் வேலை.

எங்கள் கிளை நூலகத்தில் மருத்துவ நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் முப்பது, நாற்பது வருடப் பழையவை. வாசகர்கள் அவற்றைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?
– நூலகர், திருவாரூர் மாவட்டம்

விடக் கூடாது. நாவல் பழசானால் குற்றமில்லை. முதலுதவி நூல் பழசானால் உயிருக்கே ஆபத்து. புது நூல் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை பழையதை எடுப்பதுதான் என்று அடித்துச் சொல்வோம்.

ஒவ்வொரு நூலையும் முழுக்கப் படித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கீழே சொல்லும் ஐந்தாறு இடங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். நூல் தேறுமா தேறாதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாய்க்கடி: தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று எழுதியிருந்தால் அந்த நூல் வேண்டாம். அந்தத் தடுப்பூசியைக் கைவிட்டு இருபது ஆண்டுகளாகின்றன. இப்போது புஜத்தில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையில் இவற்றோடு 14-ஆம் நாளும் உண்டு. பதினான்கு ஊசிக்குப் பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குத் தீனி போடுவது இப்படிப்பட்ட பழைய பக்கங்கள்தான். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது நூலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாம்புக்கடி: இறுகக் கட்டு, கீறி ரத்தத்தை வெளியேற்று, வாயால் உறிஞ்சு என்ற மூன்றில் எது இருந்தாலும் நூலை எடுத்துவிடுங்கள். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை, கால் அழுகும். கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் இருப்பவருக்குக் கீறிவிட்டால் ரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது மட்டுமே இன்றைய வழி.

வலிப்பு: கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லிடுக்கில் கரண்டி வைப்பது. தீக்காயம்: மை, பற்பசை, மாவு பூசுவது. இவற்றைச் சொல்லும் நூலும் வேண்டாம். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். ஐஸ் கூடாது.

இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சை ஊது என்று தொடங்கும் நூல், பெரியவர்களைப் பொறுத்தவரை 2010-க்கு முந்தைய முறையைச் சொல்கிறது. இப்போது மார்பை அழுத்துவதில்தான் தொடக்கம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். குழந்தைக்கு நான்காம் மாதமே கூழ் கொடு என்பதும் பழசு. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே. காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்று இருந்தால் அதுவும் போயிற்று. 2017 முதல் தினசரி மாத்திரைதான்.

எடுத்த நூல்களைத் துறையின் ஒப்புதல் இல்லாமல் பழைய பேப்பர் கடைக்குப் போட முடியாது. அதுவரை இரவல் அலமாரியிலிருந்து இறக்கி, பட்டியல் போட்டு, ‘இரவலுக்கு அல்ல’ என்று எழுதித் தனிப் பெட்டியில் வையுங்கள். பட்டியலில் நூல் எண், பதிப்பாண்டு, நீக்கும் காரணம் மூன்றும் இருந்தால் மாவட்ட நூலக அலுவலருக்குக் கோப்பை நகர்த்துவது எளிது.

பழைய சித்த மருத்துவச் சுவடிப் பதிப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வரலாறு, ஆய்வாளருக்கு வேண்டும். ஆனால் பற்பம், செந்தூரம் செய்முறை இருக்கும் நூலை ‘வீட்டு வைத்தியம்’ என்ற தலைப்பின்கீழ் வைக்க வேண்டாம். பாதரசத்தையும் ஈயத்தையும் அடுப்படியில் புடம்போடப் புறப்படும் ஆள் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார்.

டூவி பகுப்பு எண்ணைப் பார்த்து நூல் தேடுவது சாதாரண வாசகருக்கு வரவில்லை. அலமாரியை எப்படி அமைக்கலாம்?
– நூலக உதவியாளர், ஈரோடு

எண்ணை மாற்ற வேண்டாம், அதன்மேல் தமிழ்ப் பலகை வையுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி முறையில் 613 உடல்நலப் பேணல், 615 மருந்துகள், 616 நோய்கள், 618 மகப்பேறும் குழந்தையும். வருகிற ஆளோ ‘சுகருக்கு ஒரு புக்’ என்றுதான் கேட்பார். ‘சர்க்கரை, பி.பி.’, ‘கர்ப்பம், பிரசவம்’, ‘குழந்தை’, ‘மனநலம்’, ‘முதலுதவி’ என்று ஐந்து பலகை போதும். சர்க்கரை நோயாளிக்கான சமையல் நூல்கள் 641-இல், மற்ற சமையல் புத்தகங்களுக்கு நடுவே போய் மாட்டிக்கொள்ளும். அவற்றுக்கான குறிப்புச் சீட்டு ஒன்றைச் சர்க்கரைப் பலகையின் கீழே ஒட்டிவிடுங்கள்.

மனநலம், மாதவிடாய், பால்வினை நோய் பற்றிய நூல்கள் நூலகர் மேசைக்கு நேர் எதிரே இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். ஒரு மூலை அலமாரிக்கு மாற்றிப் பாருங்கள். நூல் இரவலில் போனதா என்பதை மட்டும் கணக்கில் கொள்ளாதீர்கள். இந்த வகை நூல்களைப் பெரும்பாலும் நின்றபடியே படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். வைக்கும்போது இடம் மாறியிருக்கும். அதுவே படித்ததற்கான அடையாளம்.

படிக்கவே தெரியாத, அல்லது தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த வயதானவர்களுக்கு நூலகத்தால் என்ன பயன்? என் அம்மாவுக்கு 68 வயது, ஏழு மாத்திரை சாப்பிடுகிறார். அட்டையில் எல்லாம் ஆங்கிலம்.
– வாசகி, மன்னார்குடி

உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான் நூலகம் முதலில் உதவ வேண்டும் என்பது எங்கள் கட்சி. மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ‘மருந்துச் சீட்டு படிப்போம்’ என்று ஒரு வகுப்பு வைக்கச் சொல்லி வாசகர் வட்டத்திடம் கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். அவரவர் சீட்டையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். நடத்துவதற்கு மருந்தாளுநர் ஒருவர் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பக்கத்து மருந்துக் கடையிலோ கேட்டால் கிடைப்பார். மேடை, மைக், பொன்னாடை எதுவும் தேவையில்லை. பொன்னாடை போர்த்தும் கூட்டத்தில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

சொல்லித்தர வேண்டியவை இவை. சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். படுக்கும்முன். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதைத் தினமும் விழுங்குகிறவர்கள் உண்டு. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின்.

அடுத்தது, அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதன்கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்கு வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு டாக்டர் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 எழுதியிருப்பார். ஜலதோஷத்துக்குக் கடையில் தாமாக வாங்கிய மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் கலந்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்பு, குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு இருந்தால் இன்னும் குறைவு. வகுப்பில் ஒவ்வொருவரும் தம் அட்டைகளில் மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எழுத்து வடிவம் ஒன்றா என்று கண்ணால் பார்க்கலாம். ஒன்றாக இருந்தால் அந்த அட்டைகளை மருந்தாளுநரிடம் நீட்ட வேண்டும்.

அட்டையை வெட்டும்போது காலாவதி மாதம் அச்சிட்ட ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். கடைக்காரர் பாதி அட்டை கொடுத்தால் தேதி இருக்கும் பாதியைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 பெயர்களின் பெட்டியில் கியூ.ஆர். கோடோ பார்கோடோ அச்சிட வேண்டும் என்பது சட்டம். போனில் படம் பிடித்தால் மருந்தின் பெயர், தயாரித்தவர், காலாவதி எல்லாம் வரும்.

குழந்தை மருந்துக்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மில்லியில்தான் 120 அல்லது 125 மி.கி. இரண்டும் ஒரே பெயரில், ஒரே பழ வாசனையில் வரும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். கைக்குழந்தைக்கு அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. காலிப் பாட்டில் இரண்டையும் மேசையில் வைத்துக் காட்டினால் மறக்க மாட்டார்கள். வீட்டு ஸ்பூனில் அளக்கக் கூடாது. மருந்தோடு வரும் மூடியோ சொட்டுக் குழாயோதான் அளவு.

இன்சுலினில் இதைவிடப் பெரிய ஆபத்து. பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்; சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். மாற்றிச் செய்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். பாட்டிலின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் படிக்கத் தெரிந்தால் போதும், ஆங்கிலம் வேண்டாம்.

வகுப்பு முடியும்போது ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். “அம்மா, வீட்டுக்குப் போய் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். சொல்லும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கே மறுபடி விளக்க வேண்டும். தவறு அவரிடம் இல்லை, நாம் சொன்ன விதத்தில் என்று எடுத்துக்கொண்டால் அவரும் கூச்சப்பட மாட்டார்.

வாசகர்கள் என்னிடமே ‘இந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கு, பாருங்க சார்’ என்று நீட்டுகிறார்கள். என்ன செய்வது?
– கிளை நூலகர், தேனி

ரிப்போர்ட்டைப் படித்து முடிவு சொல்லாதீர்கள். அதே சமயம் ‘எனக்குத் தெரியாது’ என்று திருப்பியும் அனுப்பாதீர்கள். “இந்தச் சோதனை எதற்கு என்று இந்த நூலில் இருக்கிறது, பாருங்கள்” என்று பக்கத்தைத் திறந்து கொடுக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய் என்று நூல் சொல்லும். அது பொது அளவு. ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். அதையும் விரல் வைத்துக் காட்டுங்கள்.

பிறகு ஒரு துண்டுச் சீட்டில் டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: எனக்கு முக்கியமான பிரச்சினை என்ன? நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் கேட்க வந்தது மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பது. சீட்டு கையில் இருந்தால் கேட்டுவிடுவார்.

யார் என்ன நோய் பற்றிக் கேட்டார் என்று பதிவேட்டில் எழுத வேண்டாம். சின்ன ஊரில் டீக்கடை வரை போய்விடும். கணக்குக்கு வேண்டுமானால் ‘உடல்நலக் கேள்வி 1’ என்று கோடு போட்டால் போதும்.

நூலகத்தில் பி.பி. பார்க்கும் மெஷின் வைக்கலாம் என்று வாசகர் வட்டத்தில் பேசுகிறோம். நல்லதா?
– வாசகர், விருத்தாசலம்

நல்லதுதான், சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் இடமாக இருந்தால். நோய் கண்டுபிடிப்பதற்கு என்று வைக்காதீர்கள். அந்த வேலைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. அதன் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து முதல் நாள் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மணிக்கட்டு மெஷின் வேண்டாம், புஜத்தில் கட்டுவது வாங்குங்கள். பட்டை இரண்டு அளவில் வேண்டும்: புஜச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. உள்ளவர்களுக்கு ஒன்று, 32 முதல் 42 வரை இன்னொன்று. தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். தவறான அளவுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. இன்னொன்று, மெஷின் ஓடும்போது பேசுவது.

அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். நூலகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், கை மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, சராசரியைச் சின்ன அட்டையில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். 140/90-ஐத் தொட்டால் வேறொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். 180/120 தாண்டி, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டியதுதான். வருடம் ஒருமுறை சுகாதார நிலைய மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தால் காற்று கசிந்து, மெஷின் திரும்பத் திரும்ப ‘எரர்’ காட்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்களை எதிர்த்து நூலகம் ஏதாவது செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

எதிர்த்துப் பேசினால் எடுபடாது. மாமாவும் சித்தப்பாவும் அனுப்பியதைப் பொய் என்றால் சண்டைதான் மிஞ்சும். ‘வந்த தகவலைச் சேர்ந்து சோதிப்போம்’ என்று வையுங்கள். நூலகக் கணினியைத் திறந்து, நான்கு கேள்வி கேளுங்கள்: சொன்னவர் யார், எப்போது சொன்னது, கடைசியில் எதையாவது விற்கிறாரா, அரசு அல்லது மருத்துவக் கல்லூரித் தளம் எதிலாவது இது இருக்கிறதா.

சோதிக்க நல்ல உதாரணங்கள் இரண்டு. மாரடைப்பு வந்தால் விடாமல் இருமு என்பது ஒன்று. இருமல் உத்தி, மருத்துவமனையில் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது சில வகைத் துடிப்புக் கோளாறுகளுக்கு மட்டும் பயன்பட்டது. வீட்டில் இருமிக்கொண்டிருந்தால் ஆம்புலன்ஸை அழைக்கும் நேரம்தான் போகும். பக்கவாதத்துக்கு விரல் நுனியில் ஊசியால் குத்து என்பது மற்றொன்று. மூளை ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். விரலைக் குத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதில் கழியும். பொய் என்று சொல்வதைவிட, அதில் எந்தத் துளி உண்மை திரிந்தது என்று காட்டினால் அடுத்த முறை அவர்களே தேடுவார்கள்.

சர்க்கரையையும் புற்றுநோயையும் அடியோடு குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். நூலக அறிவிப்புப் பலகையில் அப்படிப்பட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கிழியுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் பற்றி எங்கள் நூலகச் சுவரில் எழுத நினைக்கிறோம். சரியான அளவு என்ன?
– வாசகர் வட்டம், ராமநாதபுரம்

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டி தலைதட்டியதாக இருக்க வேண்டும். இந்தச் சொல்லைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். குவித்துப் போட்டால் உப்பு ஏறிக் குழந்தைக்குக் கெடுதல். சர்க்கரை ஏறினால் போக்கு அதிகமாகும். ஒரு லிட்டர் அளவுள்ள பாட்டிலின் படத்தையும் வரையுங்கள், ‘சொம்பு’ என்று எழுதாதீர்கள். கரைத்தது 24 மணி நேரம்தான் தாங்கும். சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும்போது அதுவே மேல். அதைப் பாதி பாதியாகப் பிரித்துக் கரைக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றதும் இதை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கரைசலை நம்பி வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்பதையும் கடைசி வரியாக எழுதுங்கள்.

இதற்கெல்லாம் பணம்? வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அது எங்கே போகிறது?
– வாசகர், கோவில்பட்டி

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. வரி வசூல் அதிலிருந்து வருகிறது. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். மேலே சொன்னவற்றில் பி.பி. மெஷின் தவிர மற்றவற்றுக்குப் பெரிதாகச் செலவில்லை. மெஷினுக்குப் புரவலர் ஒருவரைப் பிடிக்கலாம். நூல் வேண்டுமென்றால் தலைப்பு, பதிப்பகம், பதிப்பாண்டு மூன்றையும் நூலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ‘நல்ல மருத்துவப் புத்தகம் வாங்கவும்’ என்று எழுதினால் பழைய வகைதான் மறுபடி வரும்.

முதல்வர் காப்பீட்டு அட்டை பற்றி நூலகத்தில் கேட்கலாமா?
– வாசகி, அரியலூர்

கேட்கலாம். விண்ணப்பத்தைப் பதிவு செய்ய முடியாது, வழி சொல்ல முடியும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போங்கள். நோய் வருவதற்கு முன் போவது நல்லது. 104 உடல்நல ஆலோசனைக்கு, மன உளைச்சலுக்கு 14416. இரண்டு எண்களையும் நூலக வாசலில், நூலகம் பூட்டியிருக்கும்போதும் தெரியும்படி வெளிப்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.